குடை யாருது, கொடி யாருது?

எந்தத் திருவிழாவுக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், "நோட்டீஸ் கையில இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பேன். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் அச்சடித்து, கோயில் வாசலில் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்களே, அதுதான். மேல்பாதியை எல்லோரும் பார்ப்பார்கள்: எந்த நாள் எந்த வாகனம், தேருக்கு எத்தனை மணிக்கு வடம் பிடிக்கிறார்கள் என்று. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘உபயம்’ என்று, எந்த நாள் செலவு யாருடையது என்கிற ஒரு வரிசை ஓடும். அதைப் படிக்கிறவர்கள் குறைவு. எண்ணெய் மண்டிக்காரர்கள் ஒரு நாள், மீனவ கிராமத்தார் ஒரு நாள், ஏதோ ஒரு செட்டியார் குடும்பம் ஒரு நாள், துறைமுகத் தொழிலாளர்கள் ஒரு நாள் என்று அந்த ஊரே அதில் அடங்கிவிடும்.

‘பல மதத்தினரும் கூடும் விழா’ என்று சுற்றுலாக் கையேட்டில் போட்டிருந்தால் எனக்கு அது போதாது. கூட்டத்தில் பல பேர் இருப்பது பெரிய விஷயமில்லை. பாரிமுனை சிக்னலில்கூட எல்லா ஜனமும்தான் நிற்கிறது. வேறு தெருக்காரருக்கு, வேறு மொழிக்காரருக்கு, வேறு சாமி கும்பிடுகிறவருக்கு அந்த விழாவில் ஒரு வேலை இருக்கிறதா, அவர் வராவிட்டால் விழா நின்றுபோகுமா என்று பார்ப்பேன். அப்படி இருக்கிற விழாக்களைத் தேடித்தான் சில வருடமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு வந்ததால் இந்தப் புத்தி வந்திருக்கலாம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மாடியில் நாகூர்க்காரர் குடும்பம். அடுத்த தெருவில் மாதா கெபி, அதை ஒட்டினாற்போல் நாகாத்தம்மன்.

முதலில் நம்ம பக்கத்திலேயே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசியில் திருப்பதிக் குடை ஊர்வலம். திருமலை பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு வேண்டிய வெண்பட்டுக் குடைகள் இங்கே பூக்கடைப் பக்கம் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்புகின்றன. ஆந்திராவில் இருக்கிற மலைக்கோயிலுக்குக் குடை பட்டணத்திலிருந்து போகிறது என்பதை நம்ம ஊர்ப் பிள்ளைகளிலேயே பலர் அறியமாட்டார்கள். சாயங்காலம் குடை யானைகவுனியைத் தாண்டும். அதைத்தான் ‘கவுனி தாண்டுறது’ என்பார்கள். அதைப் பார்க்காமல் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது என்று இருந்த பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று தங்கித் தங்கி நடந்து மலைக்குப் போய்ச் சேரும்.

கவுனியில் நிற்காதீர்கள் என்பேன். என்.எஸ்.சி. போஸ் ரோடும் வால்டாக்ஸ் ரோடும் அன்றைக்கு அசையாது. வண்டியெல்லாம் வேறு பக்கம் திருப்பிவிட்டிருப்பார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றாலும் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். காலையில் குடை கிளம்பும்போதே சௌகார்பேட்டைக்குள் நுழைந்துவிடுங்கள். மார்வாடிக் கடைக்காரர்கள் கடை வாசலில் அண்டா வைத்து மோர் ஊற்றுவார்கள், பூரி கிழங்கு தருவார்கள். குஜராத்தி அம்மாக்கள் முக்காடு போட்டுக்கொண்டு கற்பூரத் தட்டோடு நிற்பார்கள். "கோவிந்தா" என்கிற சத்தம் மட்டும் எல்லா வாயிலும் ஒரே மாதிரி வரும். அதுவும் முடியவில்லையென்றால் அயனாவரம் காசி விஸ்வநாதர் கோயிலில் குடை இறங்கிய பிறகு ராத்திரியில் போங்கள். குடையின் விளிம்பில் தொங்கும் சரிகையைக்கூட நிதானமாகப் பார்க்கலாம்.

திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் தேரைவிட எனக்கு மகிழடி சேவைதான் பிடிக்கும். சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்ட கதை. உன்னைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் பண்ண வேண்டும். சந்நிதியில் சத்தியம் பண்ணினால் மாட்டிக்கொள்வோம் என்று, அந்த நேரத்தில் நீ மகிழமரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் போய், மரத்தடியில் வைத்துச் சத்தியம் வாங்கு என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார். வேறு வழியில்லாமல் சாமி நிற்கிற மரத்தடியிலேயே சத்தியம். அதையும் மீறி ஊரைத் தாண்டியதும் கண் போயிற்று. இந்தக் கதையைக் கோயிலுக்குள் நடத்திக் காட்டுவார்கள். மரம் இன்னும் இருக்கிறது. சங்கிலியார் பிறந்த ஞாயிறு கிராமம் இங்கே செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம்தான். ஆகையால் சுற்றுவட்டாரத்தில் இதை நம்ம வீட்டுப் பொண்ணு கல்யாணம் என்கிற உரிமையோடு பார்க்கிற கிராமத்து ஜனம் வருவார்கள். அவர்கள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தால் வர்ணனை இலவசம். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு போக்குவரத்தும் தொல்லையில்லை. திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் எதிரிலேயே.

அரண்மனைக்காரத் தெருவுக்கு இரண்டு காரணத்துக்காகப் போகலாம். அங்கே புனித அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு சின்னத் திருவிழாதான். பொட்டு வைத்த பெண்கள் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். புர்கா போட்ட பெண்கள்கூட வந்துபோவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியக் கோயில் இருக்கிறது. மணிக்கூண்டில் பெரிய பெரிய மணிகள் ஆறு. உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794-இல் இந்தப் பட்டணத்தில்தான் வெளியானது, அதை நடத்திய ஷ்மாவோனியன் பாதிரியார் கல்லறையும் இங்கே உள்ளேதான். ஆனால் அந்தச் சமூகத்து ஜனம் ஊரில் இல்லாமல் போய்விட்டது. அதனால் விழா இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றுகிறார்கள், நந்தியாவட்டை பூத்திருக்கிறது, அவ்வளவுதான். நோட்டீஸில் உபயம் பகுதியை ஏன் படிக்கச் சொல்கிறேன் என்பது இங்கே போய் நின்றால் தெரியும்.

ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் பார்சிக்காரர்களின் அக்கினிக் கோயில் 1910-இலிருந்து இருக்கிறது. மாதா பெயர் வைத்த தெருவில் பார்சிக் கோயில். உள்ளே அவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, காவலாளியிடம் "ஒரே ஒரு நிமிஷம்ணே" என்று கெஞ்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எல்லா விழாவும் நமக்காக இல்லை.

இனி வெளியூர். அதில் முதலிடம் நாகூர் தர்காவின் வருடத் திருவிழாவான கந்தூரிக்குத்தான்.

மாடி வீட்டு நாகூர்க்கார அக்கா, அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவர் இல்லாவிட்டால் நானும் எல்லோரையும்போல சந்தனக்கூடு ராத்திரிக்குத்தான் போயிருப்பேன். "சந்தனக்கூட்டுக்கு வந்தா மனுசன் தலைதாம்மா தெரியும். கொடியேத்துக்கு வாங்க, ஊரே தெரியும்" என்றார். அவர் சொன்னது சரி. கொடி நாகூரில் புறப்படுவதில்லை, நாகப்பட்டினத்திலிருந்து வருகிறது. கப்பல் மாதிரி ஜோடித்த ரதங்களில், விளக்குகளோடு, பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாக நகர்ந்து வரும். கடல் வணிகம் செய்த ஊர், கப்பலைக் காப்பாற்றும் ஆண்டவர் என்கிற நம்பிக்கை. அதனால் கொடிக்கும் கப்பல்தான் வாகனம். வழியெல்லாம் இந்து வீட்டு வாசல்களில் கோலம் போட்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். காசிமேட்டிலிருந்து என்னோடு வந்த அக்கா மீன்காரர் வீட்டுப் பெண். கப்பல் ரதத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கொடிகள் மினாராக்களில் ஏறும். ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். மராட்டி பேசுகிற இந்து ராஜா தமிழ் முஸ்லிம்களின் தர்காவுக்குக் கட்டிய கோபுரம். இதை ஒற்றுமைக்கு உதாரணம் என்று மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ஆனால் கீழே நின்று, அந்த உயரத்துக்குக் கொடி ஏறுகிறபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் தேய்ந்ததெல்லாம் மறந்துபோகும். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் பினாங்கிலும்கூட நாகூரார் பெயரில் தர்கா இருப்பது இதே கடல் வழியால்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். கந்தூரி ஹிஜ்ரி கணக்கில் ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் தொடங்கி பதினான்கு நாள் நடக்கும். நம்ம காலண்டரில் அது வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். போன வருடத் தேதியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சமீப வருடங்களில் கார்த்திகை மழையோடு சேர்ந்து வருகிறது. குடை வேண்டாம், கூட்டத்தில் விரிக்க முடியாது, மழைக்கோட்டுதான் சரி. ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. பிறை பார்த்து முடிவாகும் தேதி ஒரு நாள் முன்னே பின்னே போகும் என்பதால் இரண்டு நாள் கைவசம் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். காரைக்கால் போகும் இரவு ரயில் நாகப்பட்டினம், நாகூர் வழியாகத்தான் போகும். தங்குவதற்கு நாகூரில் இடம் தேடி அலைய வேண்டாம், நாகப்பட்டினத்தில் தங்கி ஊர்வலம் கிளம்புகிற இடத்திலிருந்தே கூட நடந்து வரலாம். தர்காவுக்குள் ஆணும் பெண்ணும் தலையை மூட வேண்டும், ஒரு பருத்தித் துண்டு போதும். வாசலில் தகட்டில் வெட்டிய கை, கால், வீடு, கப்பல் உருவங்கள் விற்பார்கள். எதற்கு வேண்டுதலோ அதை வாங்கிப் போடலாம், கட்டாயமில்லை. உள்ளே ஓதித் தருகிறேன் என்று முன்னால் வந்து நிற்பவர்களிடம் காணிக்கை எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். இது எல்லா மதத்து வாசலுக்கும் பொருந்தும்.

நாகூரை வைத்துக்கொண்டால் அந்தச் சுற்றுவட்டாரமே ஒரு பொக்கிஷம். தெற்கே வேளாங்கண்ணி: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், தேதி மாறவே மாறாது. காவி உடுத்தி, சின்னத் தேரில் மாதாவை வைத்து இழுத்துக்கொண்டு ராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் நடந்தே போகிறவர்களை நம்ம எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரித்துச் சொல்லவில்லை. காவியும் மாலையும் விரதமும் நம்ம ஊர் வழக்கம், மாதாவும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மட்டும் சொல்கிறேன். அத்தனை தூரம் நடக்க முடியாதவர்கள் அதே நாட்களில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் வரை நடக்கிறார்கள்.

வடக்கே காரைக்கால். அது புதுச்சேரியைச் சேர்ந்தது, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் கதையில் வரும் மாம்பழத்தை நினைத்து, பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள். பிள்ளை வரம் வேண்டி அந்தப் பழத்தைப் பிடிக்கத் துடிக்கிறவர்கள் உண்டு. அவர்களோடு போட்டி போடாமல் ஒதுங்கி நின்று பாருங்கள். தலையில் விழுந்தால் வலிக்கும், காய்வெட்டுப் பழம்தான் நிறைய வரும்.

எனக்கு மனசு நிறைந்தது பக்கத்திலேயே திருமலைராயன்பட்டினத்தில், மாசி மகத்தன்று. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வருவார். அவருடைய தேவிமார்களில் ஒருவர் பத்மினித் தாயார். அவர் மீனவர் குலத்துப் பெண் என்பது ஐதீகம். ஆகவே பெருமாள் மீனவர்களுக்கு மருமகன். பல்லக்கு கடற்கரைக் குப்பத்தை நெருங்கும்போது "மாப்பிள்ளே! மாப்பிள்ளே!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஆண்கள் ஓடி வருகிறார்கள். பெருமாள் கோயில் விழா என்றால் மடிசாரும் வேத கோஷமும் மட்டும்தான் என்று நினைத்திருந்த காசிமேடு அக்கா, "யக்கா, இன்னா இது, நம்ம ஊட்டு மாப்ளயா இவுரு?" என்று என் கையைக் கிள்ளினார். பக்கத்தில் நின்ற அந்த ஊர் அம்மா சிரித்துவிட்டு, "ஆமாம்மா, மருமவனுக்கு வருசத்துக்கு ஒரு நாளுதான் மாமனார் ஊடு. நீங்களும் கடக்கர சனமா? அப்ப முன்னாடி வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் எங்களுக்குக் கிடைத்த இடம் எந்த அதிகாரியைப் பிடித்திருந்தாலும் கிடைத்திருக்காது. மணலில் வெயில் கொளுத்தும். காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டால் பிழைத்தீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூர் என்று ஒரு கிராமம். அங்கே மொஹரம் அனுசரிப்பவர்கள் இந்துக்கள். உள்ளங்கை உருவத்தை அல்லா சாமி என்கிறார்கள். அதை அலங்கரித்து வீடு வீடாகக் கொண்டு போகிறார்கள், வீட்டுக்காரர்கள் பானகம் வைத்து வரவேற்கிறார்கள், பூக்குழி இறங்குகிறார்கள். வயலும் வரப்புமாக இருக்கிற சின்ன ஊர். இதைப் பற்றி நகரத்தில் ஆச்சரியப்பட்டுப் பேசுவார்கள், அவர்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவுமில்லை. "எப்படிங்க நீங்க இதைச் செய்றீங்க?" என்று ஒருவர் மைக்கை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர், "எங்க சாமிக்கு நாங்க செய்யாம வேற யாரு செய்வா?" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். போகிறவர்களுக்கு ஒன்று: மொஹரம் துக்க நாள். கர்பலாவில் உயிர்விட்டவர்களை நினைக்கிற நாள். ‘மொஹரம் வாழ்த்துகள்’ என்று ஸ்டேட்டஸ் போடுவதும், போகிற இடத்தில் கை குலுக்கி வாழ்த்துச் சொல்வதும் வேண்டாம். பூக்குழிக்குப் பக்கத்தில் காப்புக் கட்டாதவர்கள் நுழையக் கூடாது. செல்ஃபிக்காகக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

மதுரை சித்திரைத் திருவிழாவுக்கு எல்லோரும் அழகர் ஆற்றில் இறங்குகிற அந்த விடிகாலைக்குத்தான் பாய்கிறார்கள். 2022-இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் உயிர் போயிற்று. வயசானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தை டிவியில் பார்த்துவிடுங்கள். முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவையையும், ஆற்றில் இறங்கிய அன்றைக்கு ராத்திரி வண்டியூரையும் நேரில் பாருங்கள். எதிர்சேவையில் கருப்பசாமி வேஷம் கட்டி, தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிறவர்கள் தெருத்தெருவாக வருவார்கள். வண்டியூரில் அழகர் தங்குவது துலுக்க நாச்சியார் வீட்டில் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். பெருமாள் மேல் ஆசைப்பட்ட முஸ்லிம் பெண் அவர் என்பது கதை. அங்கே இருப்பது பெருமாள் கோயில்தான். ஆனாலும் பேச்சு அப்படித்தான், மீனாட்சி கல்யாணத்துக்கு நேரத்துக்கு வராமல் அண்ணன் இங்கே வந்து தங்கிவிட்டார் என்று குறும்பாகச் சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்ரீரங்கத்திலும் துலுக்க நாச்சியாருக்கு சந்நிதி உண்டு. அங்கே விக்கிரகம் கிடையாது, சுவரில் ஓவியம்தான். ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். கதை நடந்ததா இல்லையா என்று சரித்திரக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். ரொட்டி இன்றைக்கும் சுடுகிறார்கள்.

மெலட்டூர் பாகவத மேளாவுக்கு வடசென்னையில் தெலுங்கு பேசுகிற ஒவ்வொருவரையும் அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. நாயக்கர் காலத்தில் தஞ்சை ஜில்லாவில் குடியேறிய தெலுங்குக் குடும்பங்களின் ஊர். கோடை வெயிலில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் ராத்திரி முழுக்க நாடகம். வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள், ‘பிரகலாத சரித்திரம்’ முக்கியமானது. பெண் வேஷமும் ஆண்கள்தான். நடிக்கிறவர்களில் பலர் வங்கியிலும் ஐ.டி. கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டு, லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். அப்பா ஆடிய வேஷம் மகனுக்கு வருகிறது. நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு, அதை அணிகிறவர் விரதம் இருக்கிறார். சுற்றிலும் தமிழ் பேசும் கிராமத்துக்காரர்கள் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாமல், எந்த இடத்தில் தூண் பிளக்கும் என்று சரியாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும்: நாடகம் மெதுவாகப் போகும். பாத்திரம் ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதற்கே அரை மணி. மதியம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். ஃபிளாஸ்க்கில் காபி வைத்துக்கொள்ளுங்கள், பின்னிரவில் கடை இருக்காது.

அரசாங்கமும் அமைப்புகளும் மேடை போட்டு நடத்துகிற விழாக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னை சங்கமம் 2007-இல் ஆரம்பித்தபோது பார்க்குகளிலும் தெருமுனைகளிலும் பறையும் கரகமும் வந்து இறங்கியதைப் பார்த்து நானும் துள்ளினேன். இப்போதும் பொங்கலையொட்டி ‘நம்ம ஊரு திருவிழா’ என்று நடக்கிறது, போய்ப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இருபது நிமிஷத்தில் தேவராட்டம் முடிந்து ஒயிலாட்டம் வந்துவிடும். அங்கே ஆடுகிறவருக்கு மேடைதான் இருக்கிறது, சாமியும் சொந்தக்காரர்களும் ஊரில் இருக்கிறார்கள். அதனால் நான் அந்த விழாக்களை விலாசம் வாங்குகிற இடமாக வைத்துக்கொண்டேன். நிகழ்ச்சி முடிந்து கலைஞர்கள் சலங்கை கழற்றுகிற இடத்துக்குப் போய், டீ வாங்கிக்கொடுத்து, "அண்ணே, உங்க ஊர் கொடை எப்போ?" என்று அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிக் கேட்டால் போதும். அவர்கள் சொல்கிற தேதி எந்த இணையதளத்திலும் கிடைக்காது. சில சமயம் சாப்பாடும் படுக்கப் பாயும் சேர்ந்தே கிடைக்கும்.

பெண்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான், கழிப்பறை. திருவிழா ஊர்களில் தற்காலிகக் கழிப்பறைகள் முதல் நாள் மட்டும்தான் உருப்படியாக இருக்கும். பஸ் ஸ்டாண்டையும் ரயில்வே ஸ்டேஷனையும் நம்பலாம், அதைவிடப் பள்ளிக்கூடங்கள். ஊர்வலப் பாதையில் இருக்கிற பள்ளிக்கூடத்தை அன்னதானத்துக்கோ போலீஸ் தங்கலுக்கோ திறந்து வைத்திருப்பார்கள், பெண் போலீஸிடம் கேட்டால் காட்டிவிடுவார். அல்லது கோலம் போட்ட வீட்டு வாசலில் நின்று, "அக்கா, மெட்ராஸ்லேர்ந்து வரோம்" என்று சொல்லுங்கள். இதுவரை யாரும் இல்லையென்று சொன்னதில்லை. காசு சில்லறையாக இருக்கட்டும். கூட்டத்தில் நெட்வொர்க் விழுந்துவிடும், ஜிபே வேலை செய்யாது. பிள்ளைகளின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு கட்டாயம். தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை ஊரில் நுழைந்ததுமே காட்டிவிடுங்கள். தேர்முட்டி, மினாரா, மணிக்கூண்டு, எது உயரமோ அது.

வரும் சித்திரைக்கு பொன்னேரி போவதாக இருக்கிறோம், நானும் லாத்தாவும் காசிமேடு அக்காவும். கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்து சந்திக்கிற விழா. நமக்கு கும்மிடிப்பூண்டி லோக்கலில் போய்வருகிற தூரம். சந்திப்பு நடக்கிற இடத்தில் நிழல் கம்மி என்று கேள்விப்பட்டதால் சீக்கிரமே போய் ஏதாவது கடைத் திண்ணையைப் பிடிக்க வேண்டும். நோட்டீஸ் அச்சாகி வந்ததும் ஒன்று எடுத்து வைக்கும்படி அந்த ஊர்ப் பூக்கார அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.